கால் குளிர்ந்த தேசிமரம்

யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-நைன் பாதை திறந்து, ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குப் போய்வரத் தொடங்கிய காலம் அது. பிரெஞ்சு பேசும் லாசாலில் நாங்கள் இருந்த கட்டடத்தில் மட்டும் அந்த வருடம் நான்கு குடும்பங்கள் ரிக்கற் போட்டிருந்தன. எங்களுக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் இருந்த அக்காவும் கணவரும் அதில் ஒரு குடும்பம். அக்காவின் தம்பி மகளுக்குக் கலியாணம். நவம்பரில் போய், நத்தார்ப் பண்டிகையையும் கலியாணத்தையும் அங்கேயே முடித்துக்கொண்டு மார்ச்சில் வருவதாகத் திட்டம்.

அக்கா எங்களுக்குச் சொந்தம் இல்லை. ஆனால் மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்தியவர் அவர்தான். ஒன்றுகூடல் என்றால் யார் றோல்ஸ் கொண்டுவருவது, யார் வெறுங்கையோடு வந்து கதிரை அடுக்குவது என்று தீர்மானிப்பதும் அவர்தான். அவர் யாரிடமும் "உங்களால ஏலுமோ?" என்று கேட்டு நான் கண்டதில்லை. "நீங்கள் செய்வியள்" என்பார். நாங்களும் செய்வோம்.

நான் அப்போது டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடம் ஒன்றில் வேலை செய்தேன். ஒருநாள் வேலை முடிந்து, தலையில் வலைத்தொப்பியின் அடையாளத்தோடு படியேறி வந்தால், அக்கா எங்கள் கதவுக்கு முன்னால் நிற்கிறார்.

"பிள்ளை, உங்கட சன்னல் எந்தப் பக்கம் பாக்குது?"

அந்த வீட்டில் ஆறு வருடமாக இருந்தோம். சன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன்: கார் நிறுத்துமிடம், குப்பைத்தொட்டி, மெத்தை விற்கும் கடையின் முதுகு. எந்தத் திசை என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"கார் பாக்கிங் பக்கம் அக்கா."

"தெற்குப் பக்கம்," என்றார் அக்கா. பதில் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். "பகல் முழுக்க வெயில். எங்கட வீட்டிலயும் அதே வெயில்தான். ஆனா ஆளில்லாத வீட்டில ஹீற்றரைக் குறைச்சுப்போட்டுத்தானே போகோணும். மரங்கள் விறைச்சுப்போயிடும். அதுகளை நீங்கள் பாப்பியள்."

மறுநாள் அக்காவின் கணவரும் என் மனுசனும் இரண்டு சாடிகளைப் படிவழியே இறக்கிக் கொண்டுவந்தார்கள். அக்காவின் கணவரை நாங்கள் அண்ணை என்போம். கதை குறைவு. அக்கா பேசி முடித்த பிறகு மிஞ்சும் இடத்தில் தலையாட்டுவார்.

ஒரு சாடியில் தேசிமரம், எலுமிச்சைதான். இடுப்பளவு உயரம், அடர்ந்த பச்சை இலை, இலைக்கு இலை ஒரு முள்ளு, ஏழு காய். மற்றதில் ஒரு தோடை, ஆரஞ்சுக் கன்று. முழங்காலளவு உயரம், காயும் இல்லை பூவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கட்டாயப்படுத்தி அனுப்பின பிள்ளையைப்போல ஒரு முகம் அதற்கு.

கூடவே ஒரு கொப்பியும் வந்தது. அக்காவின் கையெழுத்து. மோசேக்குக் கிடைத்தது பத்துக் கட்டளை, எங்களுக்கு முப்பத்துநான்கு. தண்ணீரை வாளியில் ஒரு இரவு வைத்து ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். ஊற்றுமுன் விரலை இரண்டாம் மூட்டுவரை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் சாடியைக் கால்வாசி திருப்ப வேண்டும். மீன் பொரித்தால் அறைக்கதவைச் சாத்த வேண்டும். இருபத்தோராம் கட்டளை: மரத்துக்குப் பக்கத்தில் நின்று புருசனும் பெண்சாதியும் சத்தம் போடக் கூடாது.

"ஏழு காய்," என்று அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக் காட்டினார். "நான் வரேக்க ஏழும் இருக்கோணும். விழுந்தாலும் எறியாதேங்கோ. பிரிஜ்ஜில வச்சிருங்கோ."

பல்கனிக் கதவோடு ஒட்டின இடத்தில்தான் வெயில் அதிகம். அங்கே மரங்களை வைப்பதற்காக ரீவி இடம் மாறியது, சோபா இடம் மாறியது, கடைசியில் என் மனுசன் இடம் மாறினார். அவருக்குக் கிடைத்த புது இடத்திலிருந்து பார்த்தால் ரீவிக்கும் அவருக்கும் நடுவில் தேசிமரம். அந்தப் பனிமாரி முழுக்க அவர் ஹொக்கி பார்த்தது இலைகளுக்கு ஊடாகத்தான். ஆட்டக்காரர்கள் பற்றைக்குள்ளிருந்து வெளிக்கிட்டு, கோல் போட்டுவிட்டு, திரும்பப் பற்றைக்குள்ளே போனார்கள்.

முதல் இலை டிசம்பர் தொடக்கத்தில் விழுந்தது. பழுத்த இலை இல்லை, நல்ல பச்சை இலை. மரப்பலகைத் தரையில் 'டிக்' என்று ஒரு சத்தம். நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் எடுத்து வந்து தந்தாள். நான் அதைக் கொப்பிக்குள்ளே வைத்தேன். இரண்டாவது இலையையும் வைத்தேன். பத்தாவது இலைக்குப் பிறகு கொப்பி மூட மறுத்தது. அதற்குப் பிறகு தும்புத்தடியால் கூட்டி அள்ளுவதுதான்.

பயத்தில் தண்ணீரைக் கூட்டினோம். இலை இன்னும் வேகமாகக் கொட்டியது. பாவம் தாகம் என்று இன்னும் ஊற்றினோம். நத்தாருக்கு முதல்நாள் தோடை முழு மொட்டை. தேசியில் மிஞ்சியது பதினான்கு இலையும் ஏழு காயும்.

அக்கா ஞாயிறுதோறும் எங்கள் நேரம் காலை எட்டு மணிக்கு, யாழ்ப்பாணத்தில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்திலிருந்து ரெலிபோன் எடுப்பார். நாங்கள் பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும் நேரம். அவர் சொன்னது எனக்கு வந்துசேர ஒரு விநாடி பிந்தும். என் பதில் அங்கே போக இன்னொரு விநாடி. பொய் சொல்கிறவளுக்கு அந்த இரண்டு விநாடி பெரிய உதவி.

"பிள்ளை, இலை எப்பிடி?"

மகளின் சளித் தடிமன் எப்படி, என் வேலை எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"நல்லா இருக்கு அக்கா."

"காய்?"

"ஏழும் இருக்கு." அன்றைக்கு அது மட்டும் உண்மை.

முதல் ஞாயிறு சொன்னது ஒரு சின்னப் பொய். அடுத்த ஞாயிறு அதற்குத் துணையாக இன்னொன்று தேவைப்பட்டது. மூன்றாம் ஞாயிறு நானாகவே, கேட்காமலே, "புதுத் தளிர் ஒண்டு வருது அக்கா" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ரெலிபோனை வைத்ததும் என் மனுசன் கேட்டார்: "எந்தக் கிளையில?"

அடுத்த ஞாயிறு மகள் தானும் அன்ரியோடு கதைக்க வேண்டும் என்று ரெலிபோனைப் பறித்தாள். அவள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. அவசரம் என்றால் வாயில் பிரெஞ்சுதான் முதலில் வரும்.

"அன்ரி! தூத் லே ஃபேய் சோன் தொம்பே!"

எல்லா இலையும் விழுந்துவிட்டது என்கிறாள். ரெலிபோனைத் திரும்பப் பறிக்கவும் முடியாது, பறித்தால் சந்தேகம் வரும். ஒரு விநாடி. இரண்டு விநாடி. பிறகு அக்காவின் குரல், எனக்கே கேட்கும் அளவுக்கு உற்சாகமாக:

"வெரி குட்! மெர்சி, மெர்சி!"

அக்கா அரசாங்கத்தின் இலவச பிரெஞ்சு வகுப்புக்கு இரண்டு முறை போனவர். தனக்கு எல்லாம் விளங்கும் என்பதுதான் ஊர் முழுக்க அவர் சொல்லிவைத்திருந்த கதை. அதை மாற்றமாட்டார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் தமிழில் பொய் சொல்வேன், மகள் பிரெஞ்சில் உண்மை சொல்வாள், அக்கா இரண்டு பேருக்கும் நன்றி சொல்வார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, வெளியே மைனஸ் இருபத்தைந்து, நாங்கள் மரக்கன்றுகள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். என் மனுசன் தேசியின் சின்னக் கிளையொன்றை முறித்து, சாண்ட்விச் சுற்றும் பையில் போட்டு, ஜக்கற்றின் உட்பையில் வைத்துக்கொண்டு வந்தார். புனிதரின் எலும்பைக் கொண்டுபோகிறவர்போல நெஞ்சில் கைவைத்தபடியே காரோட்டினார்.

கடையில் வெள்ளைத்தாடி வைத்த ஒருவர் கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரம் எங்கே நிற்கிறது என்று கேட்டார். பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில், தரையில் என்றோம். ஹீற்றர் எங்கே? மேலே, சுவரில், மரத்தின் முகத்துக்கு நேரே. தாடிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு ஒரே ஒரு வசனம் சொன்னார். மகள் மொழிபெயர்த்தாள்.

"அப்பா, மரத்துக்குக் கால் குளிருதாம்."

பிறகு அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மேலே வெயிலும் ஹீற்றரும் சேர்ந்து இலையைச் சுடுகிறது, இலை தண்ணீர் கேட்கிறது. கீழே சாடி கதவோரத்துக் குளிரில் நிற்கிறது, வேர் விறைத்துப்போய் நித்திரை கொள்கிறது. இலை கேட்பதைக் கொடுக்க வேரால் முடியவில்லை. அதனால் மரம் இலையை உதறிவிடுகிறது. நித்திரை கொள்கிற வேருக்கு நாங்கள் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றியது அடுத்த பிழை.

"செத்திட்டுதோ எண்டு கேள்," என்றார் என் மனுசன் மகளிடம்.

தாடிக்காரர் பெருவிரல் நகத்தால் கிளையின் தோலைச் சுரண்டினார். உள்ளே பச்சை. "விவான்," என்றார். உயிரோடு இருக்கிறது. ஆனால் கிளையில் சிலந்திவலைபோல என்னவோ மெல்லிசாகப் படிந்திருப்பதைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம். கிழமைக்கு ஒருமுறை மரத்தை ஷவருக்குக் கீழே வைத்துக் கழுவச் சொன்னார்.

என் மனுசனும் டோர்வலில்தான் வேலை, விமானத்தில் பெட்டி ஏற்றி இறக்குவது. மாரிகாலத்தில் இரண்டு சோடி சொக்ஸ் போட்டுக்கொண்டு விமான ஓடுபாதைப் பக்கம் நிற்கிற மனிதர். கால் குளிருது என்ற வார்த்தை அவருக்கு நெஞ்சில் போய்த் தைத்துவிட்டது. அதுவரை அந்த மரங்கள் அவருக்கு ஹொக்கியை மறைக்கும் சாமான். அன்றிலிருந்து அவை வேலைத்தலத்துக் கூட்டாளிகள்.

வீட்டுக்கு வந்து இரண்டு சாடியையும் கதவிலிருந்து விலக்கி, தடித்த ரெஜிஃபோம் நுரைத் தட்டுகள்மேல் ஏற்றினார். தேசியின் சாடிக்குத் தன் பழைய வேலை ஜக்கற்றைப் போர்த்தி, சிப்பை இழுத்து மூடினார். செம்மஞ்சள் ஜக்கற், முதுகிலும் கையிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டிகள். கார் நிறுத்துமிடத்தில் யாராவது காரைத் திருப்பினால், எங்கள் சன்னலில் யாரோ விமானத்துக்குக் கைகாட்டுவதுபோல இருக்கும். தோடைக்கு மகள் தன் கம்பளித் தொப்பியைக் கொடுத்தாள். தொப்பி வேருக்கு உதவாது என்று சொன்னேன். "அதுக்குத் தலையும் குளிரும் அம்மா," என்றாள்.

சனிக்கிழமைகளில் குளிப்பாட்டல். தேசிமரத்தைச் சாடியோடு அணைத்துத் தூக்கி, ஒடுங்கின நடைவழியால் பக்கவாட்டில் நடந்து, குளியலறைக்குக் கொண்டுபோக வேண்டும். இலை இருந்தபோது முள்ளு அதற்குள்ளே ஒளிந்திருந்தது. இலை போனதும் முள்ளு மட்டுமே மிச்சம். முதல் சனிக்கிழமை முடிந்தபோது என் மனுசனின் இடது கன்னத்தில் மூன்று கோடு, கழுத்தில் ஒன்று.

ஞாயிறு பூசைக்குப் போனோம். சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில், முன்வரிசைப் பெண்கள் இவரின் கன்னத்தைப் பார்த்தார்கள், பிறகு என் நகத்தைப் பார்த்தார்கள்.

அடுத்த கிழமை இவர் கையுறை போட்டுக்கொண்டு தூக்கினார். முள்ளு நெற்றியில் கீறியது. பூசை முடிந்து மண்டபத்தில் ரீ குடிக்கும்போது, பாடகர் குழுவில் பாடும் ஒரு பெண் என்னை மெல்ல ஓரமாகக் கூட்டிப்போனார்.

"பிள்ளை, கோபம் எல்லாருக்கும் வாறதுதான். ஆனா முகத்தில நகம் போடக் கூடாது."

"ஐயோ, நான் இல்லை. தேசிமரம்."

அவர் என் கையைப் பிடித்து, "ஓம், ஓம்," என்றார். நோய் முற்றினவரிடம் சொல்கிற 'ஓம்' அது. அன்றைக்குப் பூசை வைத்த சுவாமியும் என் மனுசனின் தோளில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கையை வைத்திருந்தார். "எந்த நேரமும் வந்து கதைக்கலாம்," என்றாராம். இவரும் ஓம் என்று சொல்லி, பூச்சிக்குச் சவர்க்காரத் தண்ணி அடிக்கலாமோ என்று கேட்டிருக்கிறார். சுவாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தக் கதை எங்களைவிட வேகமாகப் பயணம் செய்தது. பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, அக்காவின் குரலில் வழமையான அவசரம் இல்லை.

"பிள்ளை, நான் இண்டைக்கு இலையைப் பற்றிக் கேக்கேல்லை."

எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"நீ தம்பிக்கு அடிக்கிறியாம்?" என் மனுசனை அக்கா தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா! அது தேசிமரத்து முள்ளு."

"முள்ளு எப்பிடி முகத்துக்கு வரும்?"

"தூக்கேக்க."

"மரத்தை ஏன் தூக்கிறார்?"

"குளிக்க வாக்க."

இரண்டு விநாடி. நான்கு விநாடி.

"ஆரை?"

"மரத்தை அக்கா. இலையில தூசி படிஞ்சு கிடந்தது. அதுதான் கிழமைக்கு ஒருக்கா…"

"கொப்பியில நான் அப்பிடி எழுதேல்லையே." கொஞ்சம் யோசித்தார். "ஆனா நல்லதுதான். இலை மினுங்கும், என்ன?"

நான் மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். பதினான்கு இலையில் அப்போது மிஞ்சியது இரண்டு. சன்னலால் வந்த வெயிலில் ஜக்கற்றின் பட்டி பளபளத்தது.

"ஓம் அக்கா. நல்லா மினுங்குது."

அந்த மாதமே காய்களும் போகத் தொடங்கின. முதல் காய் விழுந்ததும், கட்டளைப்படி பிரிஜ்ஜில் வைத்தேன். அடுத்தடுத்து மற்ற ஆறும் விழுந்தன. ஒரு சின்னக் கோப்பைக்குள் ஏழு காய், தொட்டால் கல்லுப்போல. ஒருநாள் நான் பிந்திய வேலைமுறை முடிந்து வருகிறேன், இவர் மகளுக்கும் தனக்கும் மீன் பொரித்துக் கொடுத்து, மேலே தேசிக்காய் பிழிந்திருக்கிறார்.

"எந்தத் தேசிக்காய்?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "பிரிஜ்ஜில கிடந்துது."

"எத்தினை?"

"புளி காணாமல் கிடந்துது. மூண்டு."

இருபத்தோராம் கட்டளையை அன்றைக்கு நான் மீறினேன். மரத்துக்குப் பக்கத்தில்தான் மீறினேன்.

அக்கா வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது இவர் டெப்பனேர் என்னும் மூலைக்கடையிலிருந்து ஒரு பையோடு வந்தார். உள்ளே பளபளவென்று ஏழு தேசிக்காய். பிறகு என் தையல்பெட்டியைத் திறந்து பச்சை நூலை எடுத்து, ஒவ்வொரு காயாகக் கிளையில் கட்டத் தொடங்கினார்.

"இலையில்லாத மரத்தில ஏழு காய் தொங்கினா ஆர் நம்புவினம்?" என்று கேட்டேன்.

"அக்கா எண்ணுவா. எண்ணிறவைக்கு இலை தெரியாது," என்றார். ஆறு தலைமுறை விவசாயிபோல ஒரு நிதானம் அவரிடம். நான் நூலை வெட்டிக் கொடுத்தேன். இவ்வளவு தூரம் வந்தபிறகு நான் எந்த நாக்கால் நியாயம் சொல்வது?

அக்காவும் அண்ணையும் வந்து இறங்கின மறுநாள் காலையே எங்கள் கதவு தட்டப்பட்டது. அக்காவின் கண்கள் நித்திரையில்லாமல் சிவந்திருந்தன. கையில் எங்களுக்கு ஓலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டான். அதை என்னிடம் தந்துவிட்டு, செருப்பைக் கழற்றின கையோடு நேரே மரத்துக்கு முன்னால் போய் நின்றார். அண்ணை அவருக்குப் பின்னால்.

"ஒண்டு, ரண்டு, மூண்டு…" அக்கா விரலை நீட்டி எண்ணினார். என் மனுசன் என்னைப் பார்த்தார். பார்த்தியோ என்ற பார்வை. "…ஆறு, ஏழு. நல்லாப் பெருத்திருக்கு பிள்ளை!"

அப்போதுதான் நான் கண்டேன். ஐந்தாவது காயில், எங்கள் பக்கம் பார்த்தபடி, மெக்சிகோ என்று எழுதின ஒரு சின்ன ஸ்டிக்கர். அண்ணையும் கண்டுவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் ஒரு அடி முன்னால் வந்து, காயைத் தடவிப் பார்க்கிறவர்போலப் பெருவிரலை வைத்து, ஸ்டிக்கரை உரித்து, கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஒரு சத்தம் இல்லை. எத்தனையோ வருடம் பழகின கைபோல இருந்தது.

தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். அக்கா மற்றக் காயொன்றை உள்ளங்கையில் ஏந்தி, பாரம் பார்ப்பதற்காக மெல்ல உயர்த்தினார். காய் கழன்று கையோடு வந்தது. அதன் காம்பிலிருந்து அரைச் சாண் பச்சை நூல் தொங்கியது.

என் மகள் அந்த மாரியில் முதல்முறையாக உண்மையைத் தமிழில் சொன்னாள்.

"அப்பா கட்டினவர்."

அக்கா நூலைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார், இந்த முறை முழுமரத்தையும். ஜக்கற்றைப் பார்த்தார். தொப்பி போட்ட தோடையைப் பார்த்தார். பிறகு சோபாவில் உட்கார்ந்தார்.

"எப்ப கொட்டினது?"

"நத்தாருக்கு முதலே தொடங்கினது அக்கா."

"அப்ப ஒவ்வொரு ஞாயிறும் நீ சொன்னது?"

"பொய்தான் அக்கா."

"பூசைக்குப் போக முதலோ, போயிட்டு வந்தோ?"

"போக முதல்."

"அப்ப பரவாயில்லை," என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது, பிறகு இருமல் வந்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வரும்போது என் மனுசன் தன் கன்னத்துத் தழும்புகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "சுவாமியிட்ட நான் கதைக்கிறன்," என்றார். "நீ அடிக்கேல்லை எண்டு வாற ஞாயிறு எல்லாருக்கும் சொல்லுறன்." சொல்லவும் செய்தார். ஒலிவாங்கியில் சொன்னார். அதுவரை கேள்விப்படாதவர்களும் அன்றைக்குக் கேள்விப்பட்டார்கள்.

மரங்கள் தளிர்க்கும்வரை எங்களிடமே இருக்கட்டும் என்று அக்கா முடிவுசெய்தார். குளிக்க வார்க்கத் தொடங்கினவர்களே முடிக்க வேண்டுமாம். அவர் மேலே போனபின், அண்ணை சப்பாத்துப் போடும் சாக்கில் கதவடியில் பின்தங்கினார். குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்:

"தங்கச்சி, மனவருத்தப்படாதேங்கோ. இது மூண்டாவது மரம்."

"என்ன அண்ணை?"

"முதல் மரம் முதல் மாரியிலயே பட்டுப்போட்டுது. அவ ரொறன்ரோவுக்குத் தன்ர தங்கச்சி வீட்டை போயிருந்த நேரம் வேற ஒண்டு வாங்கி அதே சாடியில வச்சிட்டன். பேந்து அதுவும் பட்டுப்போட்டுது. திரும்பவும் வாங்கினனான். அவவுக்குத் தெரியாது. எட்டு வருசமா ஒரே மரத்தை வளக்கிறதா நினைச்சுக்கொண்டிருக்கிறா."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

உயிர்ப்பு ஞாயிறுக்கு அக்கா வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. குசினியில் நானும் அவரும் மட்டும் நின்று கோப்பை கழுவினோம். அண்ணை முன்னறையில் இருந்தார். அக்கா தண்ணீர்க் குழாயைக் கூட்டித் திறந்துவிட்டு, "அண்ணை உனக்கு மூண்டு மரத்துக் கதை சொல்லியிருப்பாரே?" என்றார்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"

"நாலு நாள் ரொறன்ரோவில நிண்டுபோட்டு வாறன், மரம் ஒரு சாண் கட்டையா நிக்குது. மரம் வளரும் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். குறையும் எண்டு ஆரும் சொல்லிக் கேள்விப்படேல்லை."

"பிறகேன் நீங்கள் கேக்கேல்லை?"

"பாவம். கார் இல்லாத காலம், பனிக்குள்ள ரண்டு பஸ் மாறிக் காவிக்கொண்டு வந்திருக்கிறார். கை முழுக்க முள்ளு. அதைப் போய்க் கேக்கிறதே?" குழாயை மூடினார். "ஒரு சொல்லும் நீ சொல்லிப்போடாதை."

நான் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, இவர் வேலைக்குப் போகாமல், போட்ட ஜக்கற்றோடு மரத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுக்கொண்டு நின்றார். முள்ளுக்கும் கிளைக்கும் இடையில் கடுகளவு பச்சை. அடுத்த கிழமை அது நெல்லளவு. மே மாதத்தில் இலைக்கு முன்னே பூ வந்துவிட்டது. வீடு முழுக்க அந்த மணம். நான் கூட்டிப் பெருக்குவதை நிறுத்திவிட்டு நின்று மூச்சை இழுத்தேன். அறைக்குள்ளே தேனீ வராது என்று மகளின் வர்ணம் தீட்டும் தூரிகையை எடுத்து, இவர் பூவுக்குப் பூவாகத் தொட்டுக்கொண்டு போனார். அக்கா பின்னால் நின்று, "மெல்ல, மெல்ல, தம்பி," என்று பாடகர் குழுவுக்குக் காட்டுவதுபோலக் கையைக் காட்டினார்.

தோடை பூக்கவில்லை. இலை மட்டும் விட்டது. அதுவே பெரிய காரியம் என்று எடுத்துக்கொண்டோம்.

செப்டெம்பரில் தேசியில் உண்மையாகவே மூன்று காய் இருந்தது. அக்கா மூன்றையும் பிடுங்கி, ஒரு பெரிய தண்ணீர் யக்கில் கரைத்து, எங்களை மேலே கூப்பிட்டார். ஐந்து பேருக்கு மூன்று சின்னக் காய் காணாது. தண்ணீர்தான் கூட இருந்தது. ஆனால் எல்லோரும் நல்ல புளி என்று சொல்லிக் குடித்தோம். மகள் மட்டும் குடிக்கவில்லை. வடிகட்டியில் தங்கின விதைகளை விரலால் பொறுக்கி, காலியான தயிர்க்கோப்பை ஒன்றுக்கு மண் கேட்டாள். என் மனுசன் நான் தடுக்குமுன்னே எழும்பி, மண் எடுக்கப் பல்கனிக்குப் போய்விட்டார்.